திருமேனிகளும் நூல்களும் யாருடையவை? வாசகர் கேள்வி – பதில்

அருங்காட்சியகங்களிலும் நூலகங்களிலும் இருக்கும் ஒரு பொருள் களவாடப்பட்டதா என்பதை எப்படி ஆராய்ந்து நிறுவுவது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில் அளிக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை விடுத்து ஊரை மட்டும் குறித்திருக்கிறோம்.

கேள்வி: வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றின் இணையதளத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனி ஒன்றைப் பார்த்தேன். அது எந்தக் கோயிலிலிருந்து போயிருக்கும் என்று ஆராய விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது? (வரலாற்று மாணவி, திருச்சி)

பதில்: காகிதத்தையும் பொருளையும் தனித்தனியே படிக்கப் பழகுங்கள். அருங்காட்சியகம் அந்தத் திருமேனியின் உடைமை வரலாற்றை, அதாவது அது யார் யார் கைமாறி வந்தது என்ற விவரத்தை, ஓரிரு வரிகளிலாவது கொடுத்திருக்கும். அதில் வரும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஆண்டு, ஊர், ஆவணம் என்ற மூன்றையும் எழுதிப் பாருங்கள். எது விடுபடுகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். 'தனியார் சேகரிப்பு, 1960-கள்' என்பது போன்ற ஒரு வரியால் எதுவும் நிறுவப்படுவதில்லை. அதைச் சொன்னவர் யார், எந்தச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார் என்பதிலிருந்துதான் ஆராய்ச்சி தொடங்குகிறது.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் பிருகதீசுவரர் கோயில் நடராசரின் காகிதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் 'ஆர்ட் ஆஃப் தி பாஸ்ட்' என்ற கலைக்கூடத்தை நடத்திய சுபாஷ் கபூர் அந்தத் திருமேனியை கான்பெர்ராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு 2008 பிப்ரவரியில் ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்றார். சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் 1968-க்கும் 1971-க்கும் இடையில் டெல்லியில் வாங்கியது என்று அதனுடன் வந்த காகிதம் கூறியது. அந்த ஆண்டுகளை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். பண்பாட்டுப் பொருள்களின் சட்டவிரோதக் கைமாற்றத்தைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-இல் உருவானது. இந்தியாவின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டு 1976-இல் நடைமுறைக்கு வந்தது. இந்த வேலிகள் எழுவதற்குச் சற்று முன்னதாகப் பொருள் கைமாறிவிட்டது என்று ஒரு காகிதம் சொன்னால், அந்த இடத்தில் நின்று இரண்டு மடங்கு கவனத்துடன் பார்க்க வேண்டும்.

அந்தக் கதையை உடைத்தது ஒரு நிழற்படம். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1956 முதல் தமிழகக் கோயில்களுக்கு நேரில் சென்று கட்டடங்களையும் சிற்பங்களையும் திருமேனிகளையும் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்தொகுப்பு ஒரு லட்சத்தைத் தாண்டியது. அதில் ஸ்ரீபுரந்தான் நடராசர் 1994-இல் எடுக்கப்பட்ட படத்தில் இருக்கிறார். 1994-இல் ஊர்க் கோயிலில் இருந்த திருமேனி 1971-க்கு முன்பே டெல்லியில் விலைபோயிருக்க முடியாது. இந்தத் துறையில் உழைக்கும் எவரும் அந்த நிறுவனத்துக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது.

படத்தையும் பொருளையும் ஒப்பிடும்போது பாணியை நம்ப வேண்டாம். சோழர் பாணி காலத்தைக் காட்டுமே தவிர ஊரைக் காட்டாது. நமக்குத் துணை நிற்பது வார்ப்பு முறைதான். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகத்தை ஊற்றி, மண் அச்சை உடைத்தே திருமேனியை வெளியே எடுக்கிறார்கள். அச்சு ஒரு முறைதான் பயன்படும். ஆகவே முழுக்க ஒத்த இரண்டு வார்ப்புகள் இருக்க முடியாது. திருவாசியின், அதாவது திருமேனியைச் சூழ்ந்த வளைவின், சுவாலைகள் எத்தனை, எந்தச் சுவாலையின் நுனி முறிந்திருக்கிறது, விரிசடையில் எந்தப் பிரி வளைந்திருக்கிறது, நடராசர் காலடியில் கிடக்கும் முயலகன் எந்தப் பக்கம் முகம் திருப்பியிருக்கிறான், பீடத்தின் துளைகள் எங்கே இருக்கின்றன, தலைமுறை தலைமுறையாகச் செய்த திருமஞ்சனத்தில் முகம் எந்த அளவு தேய்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பழைய படங்களில் பட்டும் மாலையும் சாத்தியிருந்தால் உடல் தெரியாது. அப்போது கைகளும் முகமும் திருவாசியும் பீடமும்தான் பேசும். பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்போடு நின்றுவிடாமல் கல்வெட்டு ஆண்டறிக்கைகள், அறநிலையத் துறையின் சொத்துப் பதிவேடுகள், பல்கலைக்கழக ஆய்வேடுகள் ஆகியவற்றையும் தேடுங்கள். குடமுழுக்கு மலர்களை யாரும் மதிப்பதில்லை. ஆனால் உற்சவர் படம் வேறெங்கும் இல்லாத சிற்றூர்க் கோயில்களுக்குப் பல நேரம் அந்த மலர்தான் ஒரே சான்று.

கேள்வி: அந்த அருங்காட்சியகம் பணம் கொடுத்து, களவுபோன பொருள்களின் பட்டியலில் தேடிப் பார்த்து, சான்றிதழும் பெற்றுத்தானே வாங்கியது? அவர்களைக் குறை சொல்வது நியாயமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், அரியலூர்)

பதில்: அந்தச் சான்றிதழ் எதைச் சொல்கிறது என்று பாருங்கள். இந்தப் பொருள் களவுபோனதாக எங்களிடம் எவரும் பதியவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். ஸ்ரீபுரந்தானில் களவு நடந்தது 2006-இல். பூட்டிக் கிடந்த அந்தக் கோயிலின் திருமேனிகளைப் பாதுகாப்பகத்துக்கு மாற்றுவதற்காக 2008-இல் அதிகாரிகள் வந்து திறந்தபோதுதான் அவை இல்லை என்பதே தெரிந்தது. அதற்குள் நடராசர் கான்பெர்ராவில் விலைபோயிருந்தார். களவு நடந்ததை ஊரே அறியாதபோது எந்தப் பட்டியலில் அது ஏறியிருக்கும்? சிற்றூர்க் கோயில்களைக் குறிவைப்பவர்கள் இந்த இடைவெளியை நன்கு அறிந்தவர்கள்.

ஆகவே, பட்டியலில் இல்லை என்பதை நல்லெண்ணத்துக்குச் சான்றாக ஏற்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. பொருளை வைத்திருப்பவர்தான் அது முறையாக வந்தது என்று காட்ட வேண்டும். இழந்தவர் ஒவ்வொரு முறையும் களவை நிறுவிக்கொண்டிருக்க வேண்டும் என்பது நியாயமன்று. ஆஸ்திரேலியக் கலைக்கூடம் இந்தப் பாடத்தைப் பெருவிலை கொடுத்துக் கற்றது. நடராசர் 2014 செப்டம்பரில், விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலிலிருந்து போய் சிட்னி கலைக்கூடம் ஒன்றில் இருந்த அர்த்தநாரீசுவரருடன் சேர்ந்து நாடு திரும்பினார். அதன் பின் கான்பெர்ரா கலைக்கூடம் தன் ஆசியச் சேகரிப்பை ஆராயச் செய்து, 2021-இல் மேலும் 14 பொருள்களைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. அவற்றில் ஞானசம்பந்தர் திருமேனி ஒன்றும் இருந்தது. ஒரு பொருள் களவாடப்பட்டிருக்கவே வாய்ப்பு மிகுதி என்று சான்றுகளின் எடை காட்டினால் அதை விட்டுக்கொடுக்க நடவடிக்கை எடுப்போம் என்ற நெறியையும் அப்போது வகுத்தது. குற்றவியல் நீதிமன்றம் கேட்கும் அளவு ஐயமற்ற சான்றுக்காகக் காத்திருக்க மாட்டோம் என்பதே இதன் பொருள். இதை மற்ற அருங்காட்சியகங்களும் பின்பற்ற வேண்டும்.

சுபாஷ் கபூர் 2011 அக்டோபரில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் கைதாகி, 2012-இல் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டார். கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் அவருக்குப் பத்து ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

கேள்வி: 1970-க்கு முன் வெளியேறியவற்றை ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்களே? (வாசகர், லண்டன்)

பதில்: உடன்படிக்கை முன்தேதியிட்டுச் செல்லாது என்பது உண்மை. அதற்கு முன் எல்லாம் தடையின்றிப் போகலாம் என்றிருந்தது என்பது உண்மையன்று. 1947-ஆம் ஆண்டின் தொல்பொருள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படியே நடுவண் அரசின் உரிமம் இல்லாமல் தொல்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது என்றிருந்தது. எனவே, 'இது 1960-களில் வந்தது' என்று ஓர் அருங்காட்சியகம் சொன்னால், 'அப்படியானால் உரிமம் எங்கே?' என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

உங்கள் ஊருக்கு அருகிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967-இல் சோத்பிஸ் ஏலத்தில் திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனி ஒன்றை வாங்கியது. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சுந்தரப்பெருமாள் கோயிலில் 1957-இல் எடுக்கப்பட்ட படம் ஒன்றில் அதே ஆழ்வார் இருப்பதை ஆய்வாளர் ஒருவர் புதுச்சேரித் தொகுப்பில் கண்டார். காவல் துறையோ அரசோ கேட்கும் வரை அருங்காட்சியகம் காத்திருக்கவில்லை. 2019 டிசம்பரில் தானாகவே இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவித்தது. திருப்பித் தரும் முடிவுக்கு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2024-இல் ஒப்புதல் அளித்தது. பத்தே ஆண்டு இடைவெளியில் ஆழ்வார் கோயிலிலிருந்து ஏலக் கூடத்துக்குப் போயிருக்கிறார் என்பதை ஒரு படமும் ஓர் ஏலப் பட்டியலும் சேர்ந்து காட்டிவிட்டன. அதனால் பழைய ஏலப் பட்டியல்களையும் ஒதுக்காதீர்கள்.

கேள்வி: சிலைகளைப் பற்றியே எல்லாரும் எழுதுகிறார்கள். நூலகங்களிலிருந்து களவுபோன நூல்களையும் சுவடிகளையும் எப்படி அடையாளம் காண்பது? (நூலகப் பணியாளர், தஞ்சாவூர்)

பதில்: உங்கள் ஊர் சரசுவதி மகால் நூலகத்தையே எடுத்துக்கொள்வோம். தரங்கம்பாடியில் அச்சான, ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாட்டுப் படி ஒன்று, சரபோஜி மன்னருக்கு வந்து சேர்ந்து அவர் கையொப்பத்துடன் அங்கே இருந்தது. அது 2005 அக்டோபரில் காணாமற்போனது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் சேகரிப்பில் அந்தப் படி இருப்பதாகத் தமிழகச் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு 2022-இல் அறிவித்தது. திருமேனிக்கும் நூலுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் வருகிறது. வார்ப்பு ஒன்றே ஒன்று; அச்சு நூலுக்கோ படிகள் பல. தலைப்பும் ஆண்டும் ஒன்றாக இருப்பதால் மட்டும் ஒரு படி நம்முடையது ஆகிவிடாது. அந்தப் படிக்கே உரிய கையொப்பம், முத்திரை, அடுக்கு எண், கட்டுமானம், பூச்சி அரித்த துளைகள் எந்தப் பக்கங்களில் ஓடுகின்றன என்பன போன்ற தடயங்களே உரிமையை நிலைநாட்டும். சுரண்டிய முத்திரை, கிழிக்கப்பட்ட முகப்புத் தாள், ஒட்டி மறைத்த உடைமைச் சீட்டு ஆகியவையும் சான்றுகளே, ஏனெனில் காரணமில்லாமல் யாரும் அவற்றை அழிப்பதில்லை.

சரபோஜியையும் அவர் மகன் சிவாஜியையும் காட்டும் ஓவியம் ஒன்றும் சரசுவதி மகாலிலிருந்து போய், 2006-இல் சுபாஷ் கபூர் வழியாக அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகத்துக்கு 35,000 டாலருக்கு விலைபோனது. அந்த அருங்காட்சியகம் 2015-இல் தாமே முன்வந்து அதை ஒப்படைத்தது.

நூல்களைப் பொறுத்தவரை நாம் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் ஜெர்மானிய நூலகர்கள். நாசி ஆட்சியில் யூதக் குடும்பங்களை வதை முகாம்களுக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் வீடுகளில் எஞ்சிய நூல்களையும் எடுத்துச் சென்றார்கள். பெர்லின் நகர நூலகம் 1943-இல் நகராட்சி அடகுக் கூடத்திடமிருந்து அத்தகைய நூல்கள் 40,000-க்கும் மேல் வாங்கியது. ஒரு பகுதி 'ஜே' என்று பெயரிட்ட தனிப் பதிவேட்டில் ஏறியது. அந்த எழுத்து யூதர்களைக் குறித்தது. மற்றொரு பகுதி அன்பளிப்பு என்று பதியப்பட்டது. நாசிகள் பறித்த கலைப்பொருள்களைத் தேடிக் கண்டு, நேர்மையான தீர்வு காண வேண்டும் என்ற வாஷிங்டன் நெறிகளை 1998-இல் 44 நாடுகள் ஏற்ற பிறகு, ஜெர்மானிய நூலகங்கள் தங்கள் அடுக்குகளிலிருந்து நூல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப் பார்க்கத் தொடங்கின. ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்கு எழுதிய வாழ்த்து, பள்ளிப் பரிசுச் சீட்டு, மங்கிய கையெழுத்து என்று கிடைப்பதையெல்லாம் படமெடுத்துப் பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றுகிறார்கள். வாரிசுகளைத் தேடிக் கடிதம் எழுதுகிறார்கள். சந்தையில் சில யூரோ பெறாத நூலுக்கும் இதே உழைப்பைத் தருகிறார்கள். அந்த நூலைத் தவிர அந்தக் குடும்பத்தின் நினைவாக வேறு எதுவும் எஞ்சாமல் இருக்கலாம் என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். உங்கள் பதிவேடுகளிலும் 'அன்பளிப்பு' என்ற பதிவுகளை, கொடுத்தவர் பெயர் இல்லாதவற்றை, ஒருமுறை தனியே பிரித்துப் பாருங்கள்.

ஓலைச்சுவடிகளுக்கு இறுதியில் வரும் குறிப்பே உயிர்நாடி. எழுதியவர் பெயர், எழுதுவித்தவர் பெயர், ஊர், ஆண்டு, நாள் ஆகியவை பல நேரம் அங்கே இருக்கும். ஆண்டு அறுபதாண்டு வட்டத்துப் பெயராக இருந்தால் எந்தச் சுற்று என்பதை வேறு சான்றுகொண்டு முடிவு செய்ய வேண்டும். பழைய அச்சுப் பட்டியல்களோடும் ஒப்பிடுங்கள். தஞ்சை அரண்மனை வடமொழிச் சுவடிகளுக்கு ஆங்கிலேய அதிகாரி பர்னல் 1880-இல் வெளியிட்ட பட்டியல், அன்று இருந்தது எது என்பதற்கு இன்றும் சாட்சியாக நிற்கிறது.

கேள்வி: காலனியர் காலத்தில் போனவற்றையும் களவு என்றே கொள்ளலாமா? ஆனைமங்கலம் செப்பேடுகள் எங்கள் ஊர்ச் சூடாமணி விகாரத்துக்கு உரியவை அல்லவா? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: உரியவைதான். சோழ மன்னன் முதலாம் ராசராசன், தென்கிழக்காசியாவின் ஸ்ரீவிசய மன்னன் நாகையில் எடுப்பித்த பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்த செய்தியைக் கூறும் இந்தச் செப்பேடு, பெரிய லெய்டன் செப்பேடு என்று அழைக்கப்படுவது, 21 ஏடுகள் கொண்டது; 5 வடமொழியில், 16 தமிழில். டச்சுக் கம்பெனி நாகப்பட்டினத்தை 1658-இல் கைப்பற்றியது. ஏடுகளை லெய்டன் பல்கலைக்கழக நூலகம் 1862-இல் பெற்றது. இந்த இரண்டு ஆண்டுகளுக்கு நடுவே அவை போன வழியை ஆராய்வதுதான் உடைமை வரலாற்றின் வேலை.

இங்கே களவு என்ற சொல்லைவிட, உடையவர் மனமொப்பிக் கொடுத்தாரா என்ற கேள்வி பயனுள்ளது. நெதர்லாந்து அரசு 2021-இல் வகுத்த கொள்கை இந்தக் கேள்வியையே அளவுகோலாக வைத்திருக்கிறது: தன் காலனி நாட்டில் உடையவர் விருப்பமின்றி இழந்த பொருள் என்று போதிய உறுதியுடன் தெரிந்தால், அந்த நாடு கேட்கும்போது நிபந்தனையின்றித் திருப்பித் தரப்படும். கண்டி மன்னரின் பீரங்கியை டச்சுப் படை 1765-இல் கண்டியைத் தாக்கியபோது எடுத்துச் சென்றது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்த அந்தப் பீரங்கியைப் பற்றி டச்சு, இலங்கை ஆய்வாளர்கள் சேர்ந்து ஆராய்ந்த பின், 2023-இல் அது இலங்கைக்குத் திரும்பியது. இருநாட்டு ஆய்வாளர்களும் ஒரே மேசையில் அமர்ந்ததுதான் அந்த ஆராய்ச்சியின் பலம். ஒரு பக்கத்து ஆவணக் காப்பகத்தை மட்டும் படித்தால் வென்றவரின் குறிப்புதான் கையில் மிஞ்சும்.

கேள்வி: கோயிலில் திருமேனி இருக்கிறதே, அப்புறம் எப்படிக் களவுபோயிருக்க முடியும்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: உங்கள் ஊருக்கு அருகிலுள்ள சிவபுரத்திலேயே அது நடந்தது. அங்கே 1951-இல் மண்ணிலிருந்து கிடைத்த நடராசர், 1950-களில் பழுதுபார்க்கக் கொடுக்கப்பட்டபோது பிரதி செய்யப்பட்டு, பிரதி கோயிலுக்கும் அசல் சந்தைக்கும் போனது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் 1960-களில் கோயிலில் இருப்பது பிரதி என்று எழுதினார். அசலை அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளை 1973-இல் 9 லட்சம் டாலருக்கு வாங்கியது. வழக்குக்குப் பின் 1976-இல் உடன்பாடு ஏற்பட்டு, 1986-இல் நடராசர் இந்தியா திரும்பினார். ஆகவே பதிவேட்டில் எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்பதோடு தணிக்கை முடிந்துவிடக் கூடாது. பழைய படத்துடன் ஒப்பிட வேண்டும்.

கேள்வி: எங்கள் கோயில் சிறியது. திருமேனிகளைப் பற்றி எந்த ஆவணமும் இல்லை. நாங்கள் என்ன செய்ய வேண்டும்? (கோயில் அறங்காவலர், மயிலாடுதுறை மாவட்டம்)

பதில்: உங்கள் மாவட்டத்து அனந்தமங்கலம் இராஜகோபாலப் பெருமாள் கோயிலிலிருந்து 1978-இல் களவுபோன இராமர், இலக்குவன், சீதை திருமேனிகளை லண்டன் காவல் துறை 2020-இல் இந்தியாவிடம் ஒப்படைத்தது. 1958-இல் எடுத்த படம் இருந்ததால்தான் 42 ஆண்டுகள் கழித்தும் அவை இன்ன கோயிலுக்கு உரியவை என்று சொல்ல முடிந்தது. ஆகவே முதலில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்கு எழுதி, உங்கள் கோயிலின் படங்கள் அங்கே உள்ளனவா என்று கேளுங்கள். ஊரில் உள்ள குருக்கள் குடும்பம், பழைய அறங்காவலர் குடும்பங்கள், திருவிழாப் படமெடுத்த நிழற்படக் கடைக்காரர் ஆகியோரிடமும் தேடுங்கள்.

பிறகு புதிதாகப் படமெடுங்கள். அலங்காரம் களைந்த நேரத்தில், குருக்களின் இசைவுடன், முன், பின், இரு பக்கம், பீடத்தின் அடி என்று ஒவ்வொரு திருமேனிக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள். உயரம், அகலம், எடை, எழுத்து இருந்தால் அதன் படம், கீறல், ஒட்டு, முறிவு ஆகியவற்றை எழுதுங்கள். அழகைப் பற்றி எழுதுவதைவிடக் குறைகளைப் பற்றி எழுதுவது அடையாளம் காண உதவும். அருங்காட்சியக உலகில் 'ஆப்ஜெக்ட் ஐடி' என்று 1990-களில் வகுக்கப்பட்ட பன்னாட்டு நெறி கேட்பதும் ஏறத்தாழ இதைத்தான். ஆனால் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது: ராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் கொடுத்த திருமேனிகள் ஒவ்வொன்றின் உயரமும் முழம், விரல், தோரை என்று அளந்து, கைகள் எத்தனை, பீடம் எப்படி, பிரபை உண்டா என்பது வரை அங்கே கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

படங்களையும் குறிப்புகளையும் மூன்று படிகளாக்குங்கள். ஒன்றை அறநிலையத் துறை அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை வாங்குங்கள். ஒன்று கோயிலில் இருக்கட்டும். மூன்றாவதை ஊருக்கு வெளியே, நம்பகமான ஒருவரிடம் வையுங்கள், ஏனெனில் திருடுபவர்கள் பதிவேட்டையும் சேர்த்து எடுத்துச் செல்லக்கூடும். பூட்டிய கோயிலாக இருந்தாலும் மாதம் ஒருமுறையாவது இருவர் சேர்ந்து திறந்து, படத்துடன் ஒப்பிட்டுப் பார்த்து, தேதியிட்டுக் கையெழுத்திடுங்கள். ஏதேனும் குறைந்தால் அன்றே காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெற்று, படங்களுடன் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவுக்கும் அனுப்புங்கள்.